மா ரெய்னியின் தலைக்கு வந்த குதிரைமுடி

இங்கிலாந்திலிருந்து சிகையலங்காரர் மியா நீலின் கைக்கு வந்து சேர்ந்தபோது அந்தக் குதிரைமுடியில் லத்தி ஒட்டிக் கிடந்தது, கூடவே ஈர். அதே முடிதான் பிறகு மா ரெய்னியாக நடித்த வயோலா டேவிஸின் தலையில் ஏறியது. படம், 2020-ல் வெளிவந்த ‘மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்’.

‘புளூஸ் இசையின் தாய்’ என்று கொண்டாடப்படும் மா ரெய்னி (1886–1939) குதிரைமுடி விக் அணிந்தவர் என்பது நீலின் தேடலில் தெரியவந்தது. அவருடைய புகைப்படங்களே ஒரு சிலதான் மிஞ்சியிருக்கின்றன. மனித முடியில் விக் செய்திருந்தாலும் பார்ப்பவர்கள் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீலுக்கு மனம் ஒப்பவில்லை.

முடியைக் கொதிக்கவைத்தார். ஈர் போக அலசி, சிக்கெடுத்தார். அதன்பின் விக் கட்டும் வேலை: மெல்லிய வலைத்துணியில் கொக்கி ஊசியை நுழைத்து, இழையைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட வேண்டும். அடுத்த இழை, அடுத்த முடிச்சு. தலை முழுக்க இப்படித்தான். குதிரைமுடி நம் முடியைவிடத் தடிப்பு, விறைப்பும் அதிகம், சொன்னபடி வளையாது. படத்தில் 1927-ன் சிகாகோ வெக்கையில், வியர்வை வழிய, தங்கப்பல் மின்ன மா ரெய்னி நிமிர்ந்து நிற்கிறார். அந்த மிடுக்கில் பாதி வயோலா டேவிஸின் நடிப்பு என்றால் மீதியில் பெரும்பங்கு அந்த விக்குக்கு உண்டு.

2021 ஏப்ரலில் நீல், சிகையலங்காரர் ஜமிக்கா வில்சன், ஒப்பனையாளர் செர்ஜியோ லோபஸ்-ரிவேரா மூவரும் இந்தப் படத்துக்காக ஒப்பனை, சிகையலங்காரப் பிரிவில் ஆஸ்கர் வாங்கினார்கள். அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினப் பெண்கள் நீலும் வில்சனும்தான். கறுப்பர் என்பதாலேயே சொந்த ஊரில் ஆசிரியர் வேலை மறுக்கப்பட்ட தன் தாத்தாவை மேடையில் நினைவுகூர்ந்தார் நீல்.

சிகையலங்காரத் தொழிலுக்கு அங்கீகாரம் மிகத் தாமதமாகவே வந்தது. ‘அமேடியஸ்’ படத்துக்காக 1985-ல் சிகையலங்காரர் பால் லெபிளாங்க் ஆஸ்கர் பெற்றபோதுகூட விருதின் பெயர் ‘ஒப்பனை’ மட்டும்தான். ‘சிகையலங்காரம்’ என்ற சொல் அந்தப் பெயரில் சேர்ந்தது 2012-ல். முகத்துக்குப் பூசியவருக்குக் கிடைத்த மரியாதை முடியைக் கட்டியவருக்குக் கிடைக்க இத்தனை ஆண்டுகள் ஆனது நியாயமே இல்லை.

அடுத்த முறை படம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். தலைமுடி செய்தவரின் பெயர் திரையில் ஓடும். இருந்து படித்துவிட்டுப் போங்கள்.