ரவேல் தோற்ற தேர்வு

புதுச்சேரியில் என் காலத்தில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு ‘கொங்கூர்’ என்றாலே வயிற்றைக் கலக்கும். போட்டித் தேர்வு என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் எதற்கும் ஒரு கொங்கூர் வைத்துவிடுவார்கள். இசை இயற்றுவதற்கும் வைத்தார்கள்.

1795-இல் நிறுவப்பட்ட பாரிஸ் கான்செர்வத்துவாரில் இசையமைப்பு படித்தவர்களின் கனவெல்லாம் ‘ப்ரீ த ரோம்’ என்ற அரசுப் பரிசுதான். வென்றவர் அரசுச் செலவில் ரோமாபுரியில் சில ஆண்டுகள் தங்கி இசை எழுதலாம். தேர்வெழுத மாணவர்களைத் தனித்தனி அறையில் அடைத்துவிடுவார்கள். முதல் சுற்றில் ஒரு கூட்டுப்பாடலும் ஒரு ஃபியூகும் எழுத வேண்டும். ஃபியூக் என்பது ஒரு குரல் தொடங்கிய மெட்டை மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாகத் துரத்தி வருவது. கணக்கைப் போலக் கறாரான விதிகள் உண்டு. அதில் தேறினால், கொடுத்த வரிகளுக்கு நீண்ட இசை அமைக்கும் இறுதிச் சுற்று. அதற்கு ஒரு மாத அளவுக்குச் சிறைவாசம்!

மொரீஸ் ரவேல் 1900 முதல் 1903 வரை ஆண்டுதோறும் எழுதிப் பார்த்தார். 1901-இல் மூன்றாம் இடம் வந்ததோடு சரி. 1905-இல் வயது முப்பது, இனி எழுத முடியாது. அதற்குள் ‘ழெ தோ’ போன்ற பியானோப் படைப்புகளால் பெயர் பெற்றுவிட்டவர். அவரை முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள்.

பாடநூல் விதிகளை அவர் மீறியிருந்தார் என்பதும் உண்மைதான். ஆனால் இறுதிச் சுற்றுக்குத் தேறிய அத்தனை பேரும் ஷார்ல் லெனெப்வு என்ற ஒரே பேராசிரியரின் மாணவர்கள். அவரோ தேர்வுக் குழுவிலும் ஒருவர்! எங்கள் அலுவலகங்களில் துறைத் தேர்வு எழுதுகிறவர் உறவினராக இருந்தால் அதிகாரி ஒதுங்கிக்கொள்வார், கோப்பில் ஒரு குறிப்பும் இருக்கும். அந்தச் சின்ன ஏற்பாடுகூட அங்கே இல்லை.

பத்திரிகைகள் கிழித்துவிட்டன. எழுத்தாளர் ரொமேன் ரோலான், தாம் ரவேலின் நண்பர் அல்ல என்றாலும் இது அநியாயம் என்று கல்வித் துறைக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டே இயக்குநர் துபுவா விலக, அந்த நாற்காலிக்கு வந்தவர் ரவேலின் ஆசிரியர் கப்ரியேல் ஃபோரே. இவர் கான்செர்வத்துவாரில் படித்தவரே அல்லர், தேவாலய இசைப் பள்ளியில் பயின்றவர். உள்ளே உறவுக் கடன் எதுவும் இல்லாததால் கை நடுங்கவில்லை போலும். சேர்க்கைக்கும் தேர்வுக்கும் வெளியாட்களை நடுவர்களாக அமர்த்தினார். தனிப் பாடம் எடுத்துத் தம் மாணவர்களை உள்ளே கொண்டுவந்த பேராசிரியர்கள் கொதித்தார்கள். சிலர் வேலையை விட்டே போனார்கள். ரொபெஸ்பியேர் என்று அவருக்குப் பட்டப் பெயர் வேறு.

ரவேலைத் தெரியாதவர்கள், இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்கு அவர் 1903-இல் முடித்த நால்வர் இசையிலிருந்து தொடங்கலாம். அதன் முதல் பகுதியையும் கான்செர்வத்துவார் போட்டியில் வைத்துப் பார்த்தார், பரிசு கிடைக்கவில்லை. முழுப் படைப்பையும் ஃபோரேவுக்குக் காணிக்கையாக்கினார்.