கழுத்துப்பட்டைக்கு முன்: ஒரு நாய்க்குட்டியின் வருகையை முன்னிட்டுச் சில குறிப்புகள்

என்னுடன் ஆய்வு செய்யும் தோழி ஒருவர் வரும் ஞாயிறன்று ஒரு நாய்க்குட்டியைத் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். இங்கே தில்லியில், எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் பின்புறப் படிக்கட்டின்கீழ் பிறந்த நான்கு குட்டிகளுள் ஒன்று அது. ஒரு வாரமாக அவர் கையில் ஒரு தாள் இருக்கிறது: உணவுக் கிண்ணம், பழைய போர்வை, கழுத்துப்பட்டை, வார், தடுப்பூசி நாள்கள், மாநகராட்சிப் பதிவு, தரையில் கிடக்கும் மின்கம்பிகளை மறைத்தல், செருப்புகளை மேல்தட்டில் வைத்தல். கடைசி வரியில் ‘பெயர்’ என்று எழுதி வெற்றிடம் விட்டிருக்கிறார். அதைப் படித்தபோது, இந்த ஆயத்தங்கள் ஒவ்வொன்றுக்கும் வயது என்ன என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. கிண்ணமும் போர்வையும் மிகப் பழையவை. அவற்றுக்கு ஏடு வேண்டியதில்லை. பட்டையும் பதிவும் அப்படியல்ல.

முதலில் பெயர். இந்திய வரலாற்றில் பெயரோடு நமக்குக் கிடைக்கும் நாய்களுள் புகழ்பெற்றது காளி. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்து, இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ள கல்வெட்டில் அதன் கதை பொறிக்கப்பட்டிருக்கிறது. கி.பி. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான். ‘ஆனைமேல் துஞ்சிய தேவர்’ என்று சோழர் தரப்பு அவனை நினைவுகூர்ந்ததைத் தமிழ் மாணவர்கள் அறிவர். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் பக்கம் நின்று வென்றவன் கங்க மன்னன் பூதுகன். அவன் படையில் மணலேரன் என்ற வீரன் இருந்தான். மணலேரனின் மறம் கண்டு மகிழ்ந்த அரசன் வேண்டியதைக் கேள் என்றபோது, அவன் ஊரையோ பொன்னையோ கேட்கவில்லை. காளி என்ற வேட்டைநாயைக் கேட்டான், பெற்றான். பின்னர் ஒரு பெரும் பன்றியின்மீது ஏவப்பட்ட காளி, பன்றியைக் கொன்று தானும் மாண்டது. அதற்காக ஆதகூர்க் கோயில் முன்னே கல் நடப்பட்டது. பெரிய ஏரியின்கீழ் இரு கண்டுக நிலம் விடப்பட்டது. அக்கல்லை வழிபடாமல் உண்ணும் பூசகரைப் பாவம் சேரும் என்றும் கல்வெட்டு எச்சரிக்கிறது. கல்லின் மேற்பகுதியில் நாயும் பன்றியும் பொருதும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது.

தக்கோலப் போரை எழுதுவோர் இக்கல்வெட்டை இராசாதித்தன் எவ்வாறு கொல்லப்பட்டான் என்ற விவாதத்துக்காகவே பெரிதும் புரட்டுகிறார்கள். கல் நடப்பட்டதோ நாய்க்காக. அரசர்களின் போர் அதில் முன்கதையாகத்தான் வருகிறது. ஆனால் காளியின் சாவுக்குச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் அனைத்தையும் சொல்லும் அக்கல், மணலேரன் வீட்டுக்கு அது வந்த நாளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நினைவுச் சின்னங்களின் இயல்பு அது.

வருகைக்கான ஆயத்தத்தை விரிவாகக் காண முகலாய அரண்மனைக்குச் செல்லவேண்டும். அக்பர் பல நாடுகளிலிருந்து நாய்களை வருவித்தார் என்றும், காபூல் பகுதி நாய்கள், குறிப்பாக அசாரா நாட்டு நாய்கள், சிறந்தவையாகக் கருதப்பட்டன என்றும், அவற்றுக்கு அணிகள் பூட்டிப் பெயரும் இட்டனர் என்றும் அபுல் ஃபசல் ‘அயினி அக்பரி’யில் பதிவு செய்கிறார். அடுத்த தலைமுறையில், ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ காலத்தில், சகாங்கீருக்கு இங்கிலாந்திலிருந்து மாஸ்டிஃப் இன நாய்கள் கப்பலேறின. பயணத்தில் தப்பிப் பேரரசரை அடைந்தவை இரண்டே. தூதரின் மதகுரு எட்வர்ட் டெர்ரி எழுதியபடி, நாய் ஒன்றுக்கு நான்கு பணியாளர்கள் அமர்த்தப்பட்டனர். இருவர் பல்லக்கில் சுமக்க, மற்ற இருவர் ஈ ஓட்டினர். பேரரசர் தம் கையாலேயே உணவூட்டுவதற்கென வெள்ளி இடுக்கி ஒன்றும் செய்யப்பட்டது. அந்த இடுக்கியை வெறும் ஆடம்பரமாகப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. நாயின் எச்சில் தூய்மையைக் கெடுக்கும் என்ற சமய உணர்வும், தன் கையாலேயே ஊட்டவேண்டும் என்ற ஆசையும் ஒன்றாகச் சந்திக்கும் கருவியாகவே அது எனக்குத் தோன்றுகிறது. இன்று நம் வீடுகளில் நாய்க்கென்று தனித்தட்டு ஒதுக்கும் பாட்டிமார் இந்த இடுக்கியை உடனே புரிந்துகொள்வார்கள்.

இவையெல்லாம் அரண்மனை நாய்கள். தெருவில் பிறந்த நாய் யாருடையது என்பதற்கு வேறிடத்தில்தான் விடை தேடவேண்டும். எனக்குத் தெரிந்தவற்றுள் மிகத் தெளிவான விடை பார்சிகளின் மறைநூல் தொகுதியான அவெஸ்தாவில், வெந்திதாத் என்ற பகுதியில் இருக்கிறது. ஈனும் நிலையிலுள்ள பெண்நாய் ஒன்று எந்த வீட்டுக்கு மிக அருகில் கிடக்கிறதோ அந்த வீட்டாரே அதனைப் பேணவேண்டும் என்கிறது அந்நூல். குழந்தைகளுக்கு ஏழாண்டு, நாய்க்குட்டிகளுக்கு ஆறு மாதம் எனப் பேணும் காலத்தையும் வகுக்கிறது. நாயை விலைக்கு வாங்கினாயா, வளர்க்க விரும்பினாயா என்று அது கேட்பதில்லை. அருகில் இருக்கிறாய், ஆகவே கடமை உன்னுடையது என்கிறது. அந்நூலில் கழுத்துப்பட்டையும் வருகிறது, ஆனால் சித்தம் கலங்கிய நாய்க்கு. அதன் கழுத்தில் மரப்பட்டை மாட்டிக் கம்பத்தில் கட்டவேண்டும். சமயத்தவன் ஒருவனுக்கு மருத்துவம் பார்ப்பதுபோல் அதற்கும் பார்க்கவேண்டும்.

இந்த அறத்தோடு வாழ்ந்த மக்களும் குடியேற்ற அரசின் காவல்துறையும் பம்பாய்த் தெருக்களில் மோதிக்கொண்டதே 1832ஆம் ஆண்டின் நாய்க் கலகம். வெயில் காலத்தில் தெருநாய்களைக் கொல்ல அனுமதிக்கும் விதி அந்நகரில் 1813 முதலே இருந்தது. வெறிநோய் பற்றிய அச்சம் அதன் பின்னணி. அச்சம் பொய்யன்று, அந்நோய்க்கு அன்று மருந்தில்லை. 1832இல் நடந்த மாற்றம் இரண்டு: கொல்லும் காலம் ஜூன் 15 வரை நீட்டிக்கப்பட்டது; கொல்லப்பட்ட நாய் ஒன்றுக்கு எட்டணா பரிசு அறிவிக்கப்பட்டது. எட்டணா என்பது கூலி வேலை செய்பவருக்குச் சிறுதொகையன்று. பிடிப்பவர்கள் தெருவோடு நிற்காமல் வீட்டு முற்றங்களிலும் புகுந்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்ததில் வியப்பில்லை. வாயிற்படியில் படுத்திருக்கும் நாய் வீட்டினதா, தெருவினதா? வெந்திதாத் படித்தவருக்கு இக்கேள்வியே பொருளற்றது. எட்டணா பெறப்போகிறவருக்கோ எல்லாம் அதில்தான் இருந்தது.

ஜூன் 6, பார்சிகளுக்குப் புனித நாள். அன்று நாய்களைக் கொல்ல வந்த காவலர்களை ஒரு கூட்டம் தாக்கியது. மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. இந்துக்களும் சமணரும் இசுமாயிலி முசுலிம்களும் சேர்ந்துகொண்டனர். கொலாபாவிலிருந்த படையினருக்கு உணவும் நீரும் செல்வது தடைப்பட்டது. அரசு படையை இறக்கி, கலகச் சட்டத்தை வாசித்து, பலரைக் கைது செய்தது. வரலாற்றாய்வாளர் ஜெஸ்ஸி பால்செட்டியா காட்டுவதுபோல், ஆங்கிலேயரோடு மிக இணக்கமாக வளர்ந்துவந்த ஒரு சமூகம் தன் எல்லையைக் கோடிட்டுக் காட்டிய தருணம் இது. அது சரியே. ஆயினும் நாயை வெறும் காரணப்பொருளாக்கி, உண்மையான பிரச்சினை வேறெங்கோ என்று கடந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இறந்தவர் உடலை நாயின் பார்வையில் படச்செய்யும் ‘சக்தீத்’ சடங்கைக் கைக்கொண்ட மக்களுக்கு, தெருவில் நாயே இல்லாமற்போவது இறுதிச் சடங்கையே தொடும் செய்தி.

கலகத்தின் முடிவு ஒரு சமரசம். பார்சிப் பெருவணிகர்கள் விண்ணப்பம் எழுதினர். கொல்வதற்குப் பதிலாக நாய்களை நகருக்கு வெளியே கொண்டுபோய்விட ஏற்பாடாயிற்று. 1834இல் சர் சம்செட்ஜி ஜீஜீபாயும் அமீசந்த் ஷாவும் நிறுவிய பம்பாய் பிஞ்சராப்போல் இக்கலகத்தின் தொடர்ச்சியே. உயிர்கள் தப்பின. ஆனால் உடையவர் இல்லாத நாய்க்கு நகரில் இடமில்லை என்ற கொள்கையை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

அதன்பின் நகராட்சிச் சட்டங்கள் இக்கொள்கையைக் கழுத்தில் மாட்டின. தோழி நிரப்பவேண்டிய படிவம் 1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 399ஆம் பிரிவிலிருந்து வருகிறது. பதிவு செய்யப்பட்ட நாய் பட்டை அணியவேண்டும், அதில் மாநகராட்சி தரும் உலோக வில்லை தொங்கவேண்டும். அவையின்றித் திரியும் நாயைப் பிடித்து அடைக்கலாம், அழிக்கவும் செய்யலாம். வெந்திதாதின் பட்டை நோயுற்ற நாய்க்கு. இந்தப் பட்டை உயிர்பிழைக்க உரிமை பெற்ற நாய்க்கு.

தடுப்பூசியின் வரலாறு இதைவிட நல்ல முகம் கொண்டது. 1885இல் பாஸ்டர் தம் மருந்தை மனிதருக்கு முதன்முதல் செலுத்தியபின், இந்தியாவில் நாய்கடித்த ஆங்கிலப் படைவீரர்கள் பாரிசுக்கே அனுப்பப்பட்டனர். 1900இல் கசௌலியிலும் 1907இல் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் தோன்றின. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய, விலங்கு மூளைத்திசுவிலிருந்து பெறும் மருந்துதான் வயிற்றில் 14 வரை ஊசிகள் என்ற பேரச்சத்தை நம் பெற்றோர் தலைமுறைக்குத் தந்தது. நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் பக்கவிளைவு அதற்கு இருந்தும், 2000களின் நடுப்பகுதிவரை அது இந்தியாவில் வழக்கில் இருந்தது. குட்டிக்கு மூன்று மாதத்தில் போடும் ஓர் ஊசி, அந்தப் பதினான்கையும் ஒரு குழந்தையின் வயிற்றிலிருந்து விலக்கி வைக்கிறது. தாளில் எதை மறந்தாலும் அந்த வரியை மறக்கவேண்டாம் என்று தோழியிடம் சொன்னேன். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசியில் உள்ள பார்வோ நோய், 1970களின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவிய புதிய வரவு.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே முன்னோடி. அச்சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு கூறு உண்டு: எப்போதும் கட்டிவைக்கப்படும் நாயை உரிய அளவு நடக்கவிடாத உடைமையாளர் குற்றவாளி. தோழியின் தாளில் ‘வார்’ என்பதற்கு நேரே ‘காலை, மாலை’ என்றிருப்பதும் சட்டக் கடமைதான். 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விற்பனை விதிகள் எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக்கூடாது என்கின்றன. படிக்கட்டின்கீழ்ப் பிறந்த குட்டிக்கு விலையில்லை. ஆயினும் தோழி எட்டு வாரம் காத்திருந்தார்.

அவர் அவசரப்படுவதற்கும் காரணம் உண்டு. 2001ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடையும் தடுப்பூசியும் செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விடச்சொல்லின. உடையவர் இல்லாத நாய்க்கும் ஓர் ஊர் உண்டு என்று 1832இன் சமரசத்துக்கு நேர்மாறாகச் சட்டம் பேசியது அப்போதுதான். 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து, தொடர்வண்டி நிலையங்கள் ஆகியவற்றின் வளாக நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்கவும், மீண்டும் அங்கே விடாதிருக்கவும் ஆணையிட்டது. கடிபட்ட குழந்தைகளின் துயரம் அவ்வாணையின் பின்னே இருக்கிறது. அதை எளிதில் தள்ளிவிட இயலாது. நூலகப் படிக்கட்டும் கல்வி வளாகம்தான்.

மற்ற மூன்று குட்டிகளுள் இரண்டுக்கு வீடு கிடைத்துவிட்டது. ஒன்றை இரவுக் காவலர் கேட்டிருக்கிறார். ஊரிலிருந்து மனைவியின் பதில் வரவேண்டும். தாய்க்குச் சென்ற வாரம் கருத்தடை ஆயிற்று. அடையாளமாக ஒரு காதின் நுனி வெட்டப்பட்டிருக்கிறது. அது இன்னும் படிக்கட்டில்தான் படுத்திருக்கிறது. அதற்கு மிக அருகிலுள்ள கதவு நூலகத்தின் பழைய இதழ்கள் பிரிவுடையது. நாங்கள் எல்லோரும் நாள்தோறும் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறோம்.

பெயருக்கான இடம் இன்னும் வெற்றாகவே இருக்கிறது. காளி என்று சொல்லிப் பார்த்தேன். குட்டி வெள்ளை நிறம் என்றார் தோழி.