கயிற்றில் தொங்கிய கோப்பை

பாய் விரித்த சிறுபடகுகள் – வரலாற்றுத் தொடர் – 9

சென்ற வாரம் ‘வேகபாண்ட்’ படகின் ஆட்களைத் தேம்ஸ் நதிக்கு மேலே, படகுக்கு வெளியே, ஆளுக்கொரு கயிற்றில் தொங்கவிட்டு ‘தொடரும்’ போட்டிருந்தோம். ஒரு வாரமாகத் தொங்குகிறார்கள், பாவம். முதலில் அவர்களை இறக்கிவிடுவோம்.

யாரும் ஆற்றில் விழவில்லை. படகும் கவிழவில்லை. கவிழக் கூடாது என்பதற்காகத்தானே தொங்கினார்கள்!

இடம், லண்டனுக்குத் தென்மேற்கே சர்பிட்டன். 1870-ல் தொடங்கிய தேம்ஸ் செய்லிங் கிளப் அங்கேதான் இருக்கிறது. ஆறு அங்கே அகலம் குறைவு. இரு கரையிலும் மரங்கள். தண்ணீர் மட்டத்தில் காற்று வந்து சேராது. மரங்களின் தலைக்கு மேலே போகும் காற்றைப் பிடிக்க வேண்டும் என்பதால் அங்கே ஓடும் ‘ரேட்டர்’ படகுகளுக்கு விசித்திரமான உடலமைப்பு. படகின் நீளம் 27 அடி. பாய்மரத்தின் உயரமோ 40 அடிக்கும் மேல். மரங்களுக்கு நடுவே இடைவெளி வந்ததும் காற்று சட்டென்று பாயில் அறையும். நிமிடத்தில் படகு சாயும். காற்று வரும் பக்கத்து விளிம்பில் ஆட்கள் பாய்ந்து உட்கார்ந்தால்தான் படகு பிழைக்கும்.

உட்கார்ந்தால் போதாது என்று நினைத்தவர் பீச்சர் மூர். 1930-களின் நடுவில், தன் வேகபாண்ட் படகின் பாய்மரத்தில் உயரமான இடத்திலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டார். காற்று அடித்ததும் துணையாட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் காலை ஊன்றி, உடம்பை முழுக்க வெளியே சாய்ப்பார்கள். தேவாலயத்தில் மணியடிப்பவர் கயிற்றைப் பிடித்து நிற்பதைப் போலிருந்ததால் அதற்கு ‘மணிக்கயிறு’ என்றே பெயர் விழுந்தது.

இதன் கணக்கைப் புரிந்துகொள்ள நம் ஊர் ஏற்றத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஏற்றமரத்தின் மேல் நடப்பவர் நுனியை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்தால் மறுமுனையில் சால் எழும்புகிறது அல்லவா? அவர் எடை கூடவில்லை. நின்ற இடம்தான் மாறியது. படகிலும் அதே சங்கதி. விளிம்பில் உட்கார்ந்திருப்பவரின் எடை, படகின் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 3 அடி தள்ளி வேலை செய்கிறது. அவரே எழுந்து விளிம்பில் காலூன்றி வெளியே சாய்ந்தால் அந்தத் தூரம் இரு மடங்கை நெருங்கும். ஓர் ஆள் இரண்டு ஆளாகிவிடுகிறார். ஆனால், படகு சுமப்பது ஓர் ஆளின் பாரம்தான்.

இந்தக் கணக்கை உலகில் முதன்முதலாகப் போட்டவர் மூர் என்று சொன்னால் நம் கடற்கரைக்காரர்கள் சிரிப்பார்கள். பாக் நீரிணையில் ஓடிய வத்தைகளில் குறுக்கே ஒரு நீண்ட பலகையை நீட்டி, காற்று வலுக்கும்போது அதன் மேல் ஆட்கள் ஏறி வெளியே போய் உட்கார்ந்து படகை நிமிர்த்துவார்கள். மதராஸ் மாகாண மீன்வளத்துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920-ல் வெளியிட்ட ஆய்வில் இதை எழுதியிருக்கிறார். இலங்கையில், ஒரு பக்கம் மட்டும் மிதவைக் கட்டை பொருத்திய படகுகளில், வெளியே எத்தனை பேர் போய் உட்கார வேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டே காற்றின் பலத்தைச் சொல்வார்கள்: ஓராள் காற்று, ஈராள் காற்று, மூவாள் காற்று. எந்த வானிலை அறிக்கையிலும் இவ்வளவு தெளிவான அளவுகோலை நான் பார்த்ததில்லை. சர்பிட்டனில் இதையெல்லாம் யாரும் படித்துவிட்டுச் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். காற்றும் சாய்வும் எங்கே இருந்தாலும் மனிதன் அதே விடைக்குத்தான் வந்து சேர்கிறான்.

சரி, மணிக்கயிற்றில் என்ன குறை? கை. முழு உடம்பின் பாரத்தையும் இரு உள்ளங்கைகள் தாங்க வேண்டும். எவ்வளவு நேரம் தாங்கும்? கயிற்றைப் பிடித்த கை வேறு வேலை செய்யவும் முடியாது. முன்பாயின் கயிற்றை இழுப்பது யார்? ஆற்றில் காற்று விட்டு விட்டு வீசும், நடுவில் ஓய்வு கிடைக்கும். கடலில் அந்தச் சலுகை இல்லை.

கையை விடுவிக்க வேண்டும். அதற்கு வந்து சேர்ந்தவர் படகுக்காரர் என்பதைவிடப் பறவைக்காரர்.

பெயர் பீட்டர் ஸ்காட். பிறந்தது 1909. தென்துருவத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் 1912-ல் பனியில் உறைந்து இறந்தாரே கேப்டன் ராபர்ட் ஃபால்கன் ஸ்காட், அவருடைய ஒரே மகன். அப்பா கூடாரத்தில் கிடந்து மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், பையனுக்கு இயற்கையின் மேல் ஆர்வம் வரும்படி வளர்க்கச் சொன்னார். பையனுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அம்மா கேத்லீன் ஒரு சிற்பி. ஞானத்தந்தை, ‘பீட்டர் பான்’ எழுதிய ஜே. எம். பேரி, பீட்டர் என்ற பெயர் வந்தது அங்கிருந்துதான். இப்படி ஒரு பின்னணியில் பிறந்த பிள்ளை ஒன்று நொறுங்கிப்போகும், இல்லையென்றால் எதைத் தொட்டாலும் ஜெயிக்கும். இவர் இரண்டாவது ரகம்.

1930-களில் நேன் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு பழைய கலங்கரை விளக்கத்தில் குடியேறி, காட்டு வாத்துகளையும் வாத்துக்கூட்டங்கள் அந்தி வானத்தில் இறங்குவதையும் வரைந்துகொண்டிருந்தார். மீதி நேரமெல்லாம் டிங்கி எனப்படும் சிறு பாய்மரப் படகு. 1936 ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் கீல் துறைமுகத்தில் நடந்தபோது ஒற்றையாள் படகில் பிரிட்டனுக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்தார். 1937-ல் ‘இன்டர்நேஷனல் 14’ வகைப் படகுகளின் மிகப் பெரிய பரிசான வேல்ஸ் இளவரசர் கோப்பையையும் தட்டிச் சென்றார்.

இந்த 14 அடிப் படகுகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உஃபா ஃபாக்ஸ் தன் ‘அவெஞ்சர்’ படகை 1928-ல் இறக்கி, 57 பந்தயங்களில் 52-ல் முதலிடம் பிடித்த கதையை மூன்று வாரம் முன்பு பார்த்தோம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதை விட்டு, தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகும் படகு அது. அதற்குப் பிறகு எல்லோரும் அதே மாதிரிப் படகுகளைக் கட்டத் தொடங்கினார்கள். விளைவு? எல்லோருக்கும் ஒரே வேகம். படகில் இனிக் கூட்ட ஒன்றும் பெரிதாக இல்லை. மிச்சம் இருந்தது படகில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்தாம். படகு எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறதோ அவ்வளவு நன்றாக வழுக்கும். நிமிர்த்தி வைக்க ஆள் வேண்டும். ஆள் கூடினால் பாரம் கூடும், வழுக்கல் போய்விடும். இந்த முடிச்சை அவிழ்ப்பவருக்குக் கோப்பை.

ஸ்காட்டும் அவருடைய கூட்டாளி ஜான் வின்டரும் சேர்ந்து வைத்திருந்த படகின் பெயர் ‘தண்டர் அண்ட் லைட்னிங்’. இடியும் மின்னலும். அவர்கள் மூரின் மணிக்கயிற்றை எடுத்துக்கொண்டார்கள். கையை எடுத்துவிட்டு, துணையாளின் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை கட்டினார்கள். பாய்மரத்திலிருந்து வரும் கம்பி அந்தப் பட்டையில் மாட்டிக்கொள்ளும். இனி உடம்பைத் தாங்குவது இடுப்பு. இரு கையும் சும்மா இருக்கின்றன, முன்பாயைக் கவனிக்கலாம். சர்க்கஸில் பார் விளையாடுபவர் அந்தரத்தில் ஆடும் கருவியின் பெயரையே இதற்கும் வைத்தார்கள்: ட்ரபீஸ்.

1938. வேல்ஸ் இளவரசர் கோப்பைக்கு மீண்டும் போட்டி. இடியும் மின்னலும் கோட்டைத் தாண்டிக் காற்றை எதிர்கொண்டது. அதுவரை டிங்கிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருந்தது: காலை உள்ளே மாட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் பின்னால் சரிந்து கிடக்கும் இரண்டு பேர். இந்தப் படகில் ஒருவர் உள்ளே இருக்கிறார். இன்னொருவர் படகின் விளிம்பில் எழுந்து நிற்கிறார். தலை அலைக்கு மேலே, கால் மட்டும் படகில். மற்ற படகுகள் சாய, இது நிமிர்ந்து ஓடுகிறது.

கோப்பை இடிக்கும் மின்னலுக்கும் போனது. ஸ்காட்டுக்குத் தொடர்ந்து இரண்டாவது ஆண்டு.

விதி ஏதாவது மீறப்பட்டதா? இல்லை. மீறியிருந்தால் கோப்பையைப் பிடுங்கியிருப்பார்கள். பிடுங்கவில்லை. 1938-ன் வெற்றியாளர்கள் பட்டியலில் அவர்கள் பெயர் இன்றும் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் சிறு படகு மன்றங்களுக்கு ஓர் ஆண்டு என்பது நம் சித்திரையில் தொடங்கி ஐப்பசியில் முடிந்துவிடும். கடைசிப் பந்தயம் முடிந்ததும் பாயைக் காயவைத்து மடிப்பார்கள். பாய்மரத்தைக் கழற்றி, படகைக் கவிழ்த்து, மேலே தார்ப்பாய் போடுவார்கள். பிறகு பரிசளிப்பு விருந்து, ஆண்டுப் பொதுக்கூட்டம். அந்தப் பருவக் கடைசிச் செய்தி மடல்களில் யாருக்கு எந்தக் கோப்பை, அடுத்த ஆண்டு சந்தா எவ்வளவு, படகை இறக்கும் சரிவுப் பாதையைச் சரிசெய்ய எத்தனை பேர் வருவார்கள் என்பதெல்லாம் இருக்கும். யாரும் அவற்றை வரலாறு என்று எடுத்துவைப்பதில்லை. ஆனால் இந்த விளையாட்டின் தலையெழுத்தை எழுதியவை பெரும்பாலும் தண்ணீரில் நடந்த பந்தயங்கள் அல்ல. படகைக் கவிழ்த்து வைத்த பிறகு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நடந்த விவாதங்கள்தாம். அடுத்த பருவத்தில் என்ன செல்லும், என்ன செல்லாது என்பது அங்கேதான் முடிவாகும்.

ட்ரபீஸின் முடிவும் சீக்கிரமே வந்தது. வெற்றி பெற்ற கையோடு, இன்டர்நேஷனல் 14 படகுகளில் ட்ரபீஸ் கூடாது என்று தடை விதித்துவிட்டார்கள்.

தடை போட்டவர்களை வில்லன்களாக்கி எழுதுவது சுலபம். அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். இன்று ஒருவர் கம்பி மாட்டினால் நாளை எல்லோரும் மாட்ட வேண்டும். மாட்டாதவர் பந்தயத்துக்கு வருவதில் பொருளில்லை. வயதான துணையாட்கள், அந்தரத்தில் நிற்க அஞ்சுபவர்கள் கழன்றுகொள்வார்கள். பத்துப் பதினைந்து படகுகளை வைத்துக்கொண்டு நடத்தும் மன்றத்துக்கு இரண்டு படகு குறைந்தாலும் பெரிய அடி. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. வழுக்கி ஓடும் படகை உஃபா ஃபாக்ஸ் இறக்கியபோதும் பழைய படகுக்காரர்களுக்கு இதே கதிதான். அன்று யாரும் வடிவத்தைத் தடைசெய்யவில்லை. வளரட்டும் என்று திறந்துவிட்ட வகைப் படகு அது. கட்டுபவரின் மூளைக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஓட்டுபவரின் மூளைக்கு மூடினார்கள். தவறான தீர்ப்பு என்றே சொல்வேன்.

அந்தத் தவறு எவ்வளவு காலம் நீடித்தது தெரியுமா? இன்டர்நேஷனல் 14 படகுகளில் ட்ரபீஸ் திரும்பி வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1939 செப்டம்பரில் போர் வந்தது. பந்தயங்கள் நின்றன. ஸ்காட் கடற்படைக்குப் போனார். நாசகாரிக் கப்பலில் பணி, பிறகு ஆங்கிலக் கால்வாயில் நீராவித் துப்பாக்கிப் படகுகளின் தலைமை. கப்பல்களுக்கு வெளிர் நிறம் பூசினால் இரவில் எதிரியின் கண்ணுக்குத் தெரியாது என்று அவர் சொன்ன யோசனையைக் கடற்படை ஏற்றுக்கொண்டது. அந்தக் கதை தனித் தொடருக்கு ஆகும், இங்கே இடமில்லை.

போர் முடிந்து 1946-ல் வேல்ஸ் இளவரசர் கோப்பை மீண்டும் வந்தது. கம்பி இல்லை, இடுப்புப் பட்டை இல்லை. எல்லோரையும் போல விளிம்பில் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும். 1938-ல் ஜெயித்தது ஆளா, கயிறா என்ற கேள்விக்கு அன்று பதில் கிடைக்க வேண்டியிருந்தது. கிடைத்தது. கோப்பை மூன்றாவது முறையாக பீட்டர் ஸ்காட்டுக்கு. அதே ஆண்டில்தான் செவர்ன் ஆற்றங்கரையில் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்கான அறக்கட்டளையையும் தொடங்கினார். பின்னாளில் உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டா சின்னத்தை வரைந்தவரும் இவரே.

கயிறு மட்டும் மூலையில் சுருண்டு கிடந்தது. ஆனால், அதைத் தடைசெய்தவர்களின் அதிகாரம் ஒரு வகைப் படகோடு சரி. 1951-ல் நெதர்லாந்தில் ஃபான் எஸ்ஸன் என்பவர் ஒரு புதிய இரட்டையாள் படகை வரைந்தார். நீளம் 6 மீட்டர், பெரிய பாய், தாங்க முடியாத வேகம். அதற்கு ‘ஃப்ளையிங் டச்மேன்’ என்று பெயர். இரண்டு பேர் விளிம்பில் உட்கார்ந்து அதை நிமிர்த்திவிட முடியாது. ஒருவர் வெளியே போய் நின்றே ஆக வேண்டும். மூலையில் கிடந்த கயிற்றை அந்தப் படகில் மாட்டினார்கள்.

இப்போது சிக்கல் ஒரு கோப்பையோடு நிற்கவில்லை. உலகம் முழுவதும் பாய்மரப் பந்தயத்துக்கு எது செல்லும், ஒலிம்பிக்கில் எந்தப் படகு ஓடும் என்று முடிவுசெய்யும் சர்வதேசப் பாய்மரப் பந்தய ஒன்றியத்தின் மேசைக்கு அது வந்து சேரப்போகிறது. 1955-ல் அந்த ஒன்றியம் தன் புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்தது.

அவர் பெயர் பீட்டர் ஸ்காட்.

(தொடரும்)