குழாய்க்குள் செல்லும் கண்



கெடா மாநிலத்துக் கூலிம் ஹைடெக் பூங்கா 1996ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா அதுவே. சில்டெர்ரா, இன்பினியன் முதலிய நிறுவனங்கள் அங்கே சிலிக்கான் வில்லைகளில் மின்னணுச் சில்லுகளை உருவாக்குகின்றன. பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று அத்தகைய ஆலைகளுக்குச் சீருடை அணிந்து வேலைக்குப் போகிறார்கள். அங்கே பயன்படும் ஒரு கருவியின் கதையைத்தான் இன்று பேசப் போகிறோம். வளைந்து கொடுக்கும் உள்நோக்கி என்று அதைச் சொல்லலாம். ஆலைகளில் போர்ஸ்கோப் என்பார்கள்.

சில்லு ஆலைக்கு வேண்டிய மிகத் தூய வாயுக்கள் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களில் வருகின்றன. குழாய்களைப் பற்றவைக்கும்போது உள்ளே ஆர்கான் வாயு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சிறிது காற்று புகுந்தாலும் பற்றவைத்த இடத்தின் உட்புறத்தில் வைக்கோல் நிறமோ நீலமோ ஏறும். ஹைட்ரஜன் குளோரைடு போன்ற வாயு அந்த இடத்தை அரிக்கும். அங்கிருந்து பெயரும் துகள் வில்லையைக் கெடுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறுத்துப் பார்த்தாலோ குழாயே போய்விடும்.

நேரான குழலில் கண்ணாடி வில்லைகளை அடுக்கி உள்ளே பார்க்கும் வழி முன்பே இருந்தது. வளைவில் அது நின்றுவிடும். ஒளியை வளைக்க முடியுமா? 1841இல் ஜெனீவாவில் கொலாடன் என்பவர், பாயும் நீரின் வளைவோடு ஒளியும் வளைந்து செல்வதைக் காட்டினார். நம் பள்ளியிலும் இதைச் செய்யலாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் புட்டியில் துளையிட்டு நீர் நிரப்பி, இருட்டில் மறுபுறமிருந்து டார்ச் அடித்தால் போதும். பிள்ளைகள் வாய்பிளந்து நிற்பார்கள்!

நீருக்குப் பதில் மெல்லிய கண்ணாடி இழை. பஞ்சாப் மண்ணில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியருடன் சேர்ந்து பல்லாயிரம் இழைகளைக் கட்டாக்கி, அதன் வழியே உருவத்தை அனுப்பினார். 1954 ஜனவரி 2ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது. கோலப் புள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரிழை ஒரு புள்ளி. இரு முனைகளிலும் இழைகளின் வரிசை மாறாதிருந்தால்தான் கோலம் கோலமாகத் தெரியும். ஆனால் இழையிலிருந்து இழைக்கு ஒளி கசிந்தது. 1956இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கர்ட்டிஸ் என்ற மாணவர் ஒவ்வோர் இழைக்கும் வேறொரு கண்ணாடியால் உறை போட்டார், கசிவு அடங்கியது. மறு ஆண்டே மருத்துவர் ஹிர்ஷோவிட்ஸ் அக்கருவியை முதலில் தம் தொண்டைக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார். வயிற்றைப் பார்க்க வந்த கருவி இவ்வாறு பின்னர் எந்திரத்தையும் பார்க்கத் தொடங்கியது.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயிலும் ஸ்மித்தும் ஒளியை மின்குறியாக்கும் சில்லைக் கண்டனர். 1980களில் அது நுனியிலேயே கேமராவாக அமர்ந்தது. இழை முறிந்து படத்தில் கரும்புள்ளி விழும் தொல்லை அதனால் குறைந்தது.

சரி, எதை வாங்குவது? விலைப்பட்டியலை ஒதுக்கிவிட்டு முதலில் துளையை அளக்க வேண்டும் என்பது நம் கருத்து. கால் அங்குல வாயுக்குழாயின் வெளிவிட்டம் 6.35 மில்லிமீட்டர், சுவர் 0.89 என்றால் உள்ளே மிஞ்சுவது 4.57 தான். 6 மில்லிமீட்டர் கருவி எவ்வளவு தெளிவாகக் காட்டினாலும் அங்கே பயனில்லை. நான்கு நுழையும், வளைவில் சிக்கக்கூடும். இரண்டரைக்கும் குறைந்தது எளிதாகப் போகும், ஆனால் அதன் ஒளியும் தெளிவும் குறைவு. இங்கே நிறமே சாட்சி ஆதலால், நிறத்தைத் திரிக்காத விளக்கும் வேண்டும். குழாய்க்குள் அழுக்கை விட்டுவராத தூய்மையும் வேண்டும். செம்பனை ஆலையின் கொதிகலன் குழாய்க்கோ இந்த மெல்லிய கருவி ஆகாது. அகன்ற இருட்டில் அதன் வெளிச்சம் காணாது. அங்கே தடித்த கருவியே நல்லது, அதுவும் கொதிகலன் ஆறிய பிறகு.

நீளத்தில் பேராசை கூடாது. நீளம் கூடக்கூட, கைப்பிடியிலிருந்து நுனியைத் திருப்பும் கம்பிகள் தளர்ந்து, நுனி முழுதும் வளையாது. வெளியே இழுக்கும்போது நுனியை நேராக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். வளைந்தபடி இழுத்தால் முனை குழாயில் மாட்டிக்கொள்ளும். பிறகு பார்க்கப் போன கருவியை மீட்கவே குழாயை அறுக்க நேரிடும்.