பேர் தெரியாத பாட்டன்

மேலூர்ப் பக்கம் ஒரு சேரியில் பட்டா மனு எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி சொன்னார்: "எங்க பாட்டனுக்குப் பாட்டன் ஒருத்தர திருப்பத்தூர்ல வெள்ளக்காரன் தூக்குல போட்டான்யா. பேருதான் தெரியல."

கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். உறவினர்களும் உடன் நின்று போரிட்டவர்களும்கூட அந்த நாட்களில் தப்பவில்லை.

அந்தப் பாட்டனை எப்படித் தேடுவது?

அரண்மனைப் பிள்ளை என்றால் தடம் இருக்கிறது. சின்ன மருதுவின் மகன் துரைசாமி 1802இல் எழுபதுக்கும் மேற்பட்டோருடன் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார். 1818இல் அங்கே அவரைச் சந்தித்த ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், இளம் வயதிலேயே தளர்ந்து கிழவராகிவிட்ட அந்த மனிதரைப் பற்றித் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்.

அதே நூலில் இன்னொரு நிகழ்ச்சியும் வருகிறது. 1801இல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு, பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடி ஒரு தாய் போகிறாள். உயிர் ஊசலாடும் மகன், 'என்னை விடு, பக்கத்தில் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்று' என்கிறான். அவள் காப்பாற்றுகிறாள். தாய்க்கும் மகனுக்கும் அந்த நூலில் பெயர் இல்லை. அவர்கள் நம்மவர்கள் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. எளிய மனிதர்கள் வரலாற்றுக்குள் எப்படி வருகிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

இதில் வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1801 ஜூனில் சின்ன மருது வெளியிட்ட திருச்சி அறிக்கை எல்லாச் சாதியாரையும் போருக்கு அழைத்தது. ஆனால் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் என்றுதான் வரிசை சொன்னது. வர்ணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு அந்த வரிசையில் தனிப் பெயர் இல்லை.

பெயர் கிடைத்தாலும் நிலைக்கிறதா? கட்டபொம்மன் படைத் தளபதி சுந்தரலிங்கத்தை மக்கள் நினைவு காப்பாற்றி வைத்திருந்தது. 1997இல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை அரசு வைத்தது. பள்ளர் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். தென் மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. முடிவில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்கிவிட்டது. எல்லாருக்கும் பொதுவான முடிவு போலத் தெரியலாம். ஆனால் மற்ற தலைவர்களுக்குச் சிலையும் மணிமண்டபமும் பாடநூலும் ஏற்கெனவே இருந்தன. நமக்குப் புதிதாகக் கிடைத்தது அந்தப் பேருந்துப் பலகைதான்.

ஆவணத்தில் இல்லை என்பது நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. எழுதியவர்கள் யாரை எழுதத் தகுந்தவராக நினைத்தார்கள் என்பதற்கே அது சாட்சி.

தோழர்களே, உங்கள் தெருப் பெரியவர்களிடம் உட்காருங்கள். ஊர்ப் பெயர், கண்மாய்ப் பெயர், சாமி பெயர் எதையும் விடாமல் எழுதுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அந்தப் பாட்டி சொன்னதை நான் எழுதி வைத்திருக்கிறேன். பாட்டன் பெயருக்கு ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.