கழிமுகத்து அண்டையர்

பழங்குடியினர் விழாவைக் காண விழைவோர்க்குச் சிலாங்கூரின் கேரித் தீவு நினைவுக்கு வருதல் இயல்பே. அங்கு வாழும் மாமெரி மக்கள் ஆண்டுதோறும் முன்னோர்க்குப் படையலிட்டு, மரமுகமூடி அணிந்து ஆடுகின்றனர். மாசாய் மாணவர்க்கோ அப்பயணம் தம் ஊரின் கழிமுகத்திலேயே தொடங்குதல் தகும். குவாலா மாசாயில் வாழும் ஓராங் செலத்தார் எனும் பழங்குடியினர், முன்னாளில் படகையே இல்லமாகக் கொண்டு ஜொகூர் நீரிணையின் இருகரைகளிலும் உலவியோர். 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலம் அந்நீரிணையை இருகூறாக்கிற்று. 1965இல் சிங்கப்பூர் தனிநாடானபின், ஒரே குடியினரிடையே நாட்டெல்லை குறுக்கிட்டது.

இத்தகைய வரலாற்றை அறியாது செல்வோர்க்கு எவ்விழாவும் வெறும் வேடிக்கையே. முன்னோர்க்குப் படைக்கும் மரபு தமிழர்க்கும் உண்டு. நம் வீட்டுப் படையலின்போது அயலார் அழையாது நுழைந்து படமெடுப்பின் நாம் பொறுப்போமா? ஆகவே, பயண நாளைக் குறிக்குமுன் ஊர்த்தலைவரின் இசைவைப் பெறுதலே முதற்கடன்.