மசகிடலில் மேற்பரப்புச் சொரசொரப்பு

எவ்வளவு மெருகேற்றினாலும் உலோகப் பரப்பில் நுண்ணிய மேடுபள்ளங்கள் எஞ்சவே செய்யும். உரசும் இரு உறுப்புகளுக்கு நடுவில் எண்ணெய்ப் படலம் நிலைக்குமா, உலோகம் உலோகத்தைத் தொடுமா என்பதை முடிவு செய்வதில் சுமை, வேகம், எண்ணெயின் பிசுக்கு ஆகியவற்றோடு இந்த மேடுபள்ளங்களுக்கும் பங்குண்டு.

காவிரிக் கடைமடையில் இந்த உரசலுக்கான மருந்து பழையது. வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்த வண்டிமையை அச்சில் பூசித்தான் மாட்டுவண்டி ஓட்டினார்கள். எண்ணெய் வழிந்துபோன பின்னும் கரி அச்சிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதே கடைமடையில், 1898இல் பேரளத்திலிருந்து பிரெஞ்சுக் காரைக்காலுக்கு ரயில் வந்தது. அக்காலப் பெட்டிகளின் அச்சுகள் எண்ணெய் ஊறிய நூற்கழிவை ஒட்டிச் சுழன்றன. எண்ணெய் வற்றினால் அச்சுப்பெட்டி சூடேறிப் புகையும்.

அறிவியல் விளக்கமும் ரயில் அச்சிலிருந்தே பிறந்தது. 1883இல் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர், சோதனைத் தாங்கியின் உச்சியில் எண்ணெய் விட ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலே பொங்கியது. கட்டையால் அடைத்துப் பார்த்தார். கட்டையும் வெளியே தள்ளப்பட்டது. சதுர அங்குலத்துக்குச் சராசரிச் சுமை 100 பவுண்டுதான், அழுத்தமானியோ 200ஐத் தாண்டியது. சுழலும் அச்சே எண்ணெயை இழுத்துவந்து, அந்த அழுத்தத்தில் சுமையைத் தாங்குகிறது என்பதை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் சமன்பாடாக்கினார். ஆனால் அவருடைய சமன்பாட்டில் பரப்புகள் முற்றிலும் வழவழப்பானவை. தடித்த படலத்துக்கு அது போதும். படலம் மெலிந்தால் கணக்கு பொய்க்கும்.

1902இல் ஸ்ட்ரிபெக் வெளியிட்ட உராய்வு வளைகோட்டில் இந்த மெலிவின் விளைவு தெரிகிறது. வேகம் குறையக் குறைய உராய்வு முதலில் இறங்கி, பிறகு சட்டென்று ஏறுகிறது. மேடுகள் முட்டத் தொடங்குவதே காரணம். ஊசியை ஓடவிட்டு மேடுபள்ளத்தை வரைந்து காட்டும் கருவிகள் 1930களில் வந்த பிறகுதான் இதை அளக்க முடிந்தது. படலத் தடிமனை இரு பரப்புகளின் கூட்டுச் சொரசொரப்பால் வகுத்துப் பார்ப்பது இன்றைய வழக்கம். விடை 3க்கு மேல் என்றால் முழுப் படலம், 1க்குக் கீழ் என்றால் உரசல், நடுவில் இரண்டும் கலந்த நிலை.

சொரசொரப்பு எப்போதுமே தீங்கு என்ற எண்ணத்தைத் தகர்த்தவை கிறிஸ்டென்சன் (1969), பட்டீர்–செங் (1978) ஆகியோரின் ஆய்வுகள். இத்துறையின் உண்மையான திருப்பம் இதுவே எனலாம். மேடுபள்ள வரிகள் எண்ணெய் ஓட்டத்துக்குக் குறுக்கே கிடந்தால் எண்ணெயைத் தடுத்துப் படலத்தைத் தடிப்பாக்கும். ஓட்டத்தோடு நீண்டால் ஓரங்களில் வழியவிடும். ஆக, ஆழத்தோடு திசையும் கணக்கில் வரவேண்டும்.

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுகளில் ஓடுவது போன்ற டீசல் எஞ்சினின் சிலிண்டர் லைனரில் இதைக் கண்ணால் காணலாம். புது லைனரில் ஹோனிங் கல்லால் வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போடுகிறார்கள். கூரான முனைகளை நீக்கிப் பள்ளங்களை மட்டும் விடுவது இன்னும் தேர்ந்த முறை. எண்ணெய் அங்கே தங்கும். நாள்பட உள்சுவர் கண்ணாடிபோல் பளபளத்துவிட்டால் பிஸ்டன் ரிங் சரியாகப் படியாது, எஞ்சின் ஆயில் குடிக்கும். லைனர் தேய்ந்து அகலாமல் இருந்தால் மறுபடி ஹோனிங் போட்டாலே போதும்.